நூறு கிலோமீட்டர் ஒத்திகை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறுவதற்கு முன்பே என் கால் அதில் போய் நிற்கும். பதினாறு வருடப் பழக்கம். வீட்டு சோபாவில் டிவி பார்க்கும்போதுகூட மிதிக்கிறேன் என்று என் கணவர் சொல்வார். அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார், ஆனாலும் இதில் பாதி உண்மை இருக்கிறது.

இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால்தான் எங்கள் அணி முதல் ஒத்திகையில் மண்ணைக் கவ்வியது.

அணியில் மூன்று பேர். நான், பல் டாக்டர், வெல்டர். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். டாக்டருக்கு ஐம்பது வயது, வயதுக்கேற்ற தொப்பை. எந்நேரமும் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் பேசியே காலம் தள்ளியவர் என்பதால், எதிரில் இருப்பவருக்கும் ஏதாவது சொல்ல இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. வெல்டர் நேர் எதிர். கேட்டும் கிரில்லும் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னொரு மெஷின் வாங்க நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குத்தான் அந்த ஒத்திகை. இரண்டு நாளில் முந்நூறு கிலோமீட்டர். அந்தப் பிரிவில்தான் வெல்டரின் அக்கா இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் ஊசியும் குழாயுமாகக் கிடந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் வெல்டர் தன் கிட்னி ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். இருவருமே நன்றாக இருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கு ஆபரேஷன் செய்த டாக்டரே தாராளமாகச் சம்மதம் கொடுத்துவிட்டார்.

இந்தப் பயணத்துக்கு ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே சொன்னார்.

"அக்கா என்னைத் திட்டவே மாட்டேங்கிறா மேடம். முன்னாடி நாங்க ரெண்டு பேரும் பேசுனா நாலு வீட்டுக்குக் கேக்கும். இப்ப ஏதோ விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி பேசுறா. நான் தும்முனாக்கூட அவளுக்குக் கண்ணு கலங்குது. என்னைக் கெடுத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டே இருக்கா. வாயில சொன்னா நம்பல. ஓட்டிக் காட்டுனாலாவது நம்புவாளான்னு பாக்குறேன்."

ஐந்து வருடத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். கிட்னி கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொன்னதில்லை. திட்டு வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். நான் நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன்.

பயணத்தில் சேர வேண்டுமென்றால் முதலில் ஒத்திகையில் தேற வேண்டும். நூறு கிலோமீட்டரை அணி முழுவதும் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும் நேரம்தான் கணக்கு. அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகள், இரண்டே வாய்ப்புகள்.

நோயாளி நாற்காலியில் டாக்டர் சாய்ந்துகொண்டார். நான் அவருடைய உருட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஒரு கிட்னிய வச்சுக்கிட்டு ஓட்டுறான். வாயத் தொறந்து முடியலன்னும் சொல்ல மாட்டான்," என்றார் டாக்டர். "நாமதான் பாத்துக்கணும். ஏத்தம் வந்தா எனக்கு முழங்கால் வலி."

"நான் டயர்ல காத்து இறங்குதுன்னு நிறுத்துறேன்," என்றேன்.

அந்த ஞாயிறு டாக்டர் ஆறு இடத்தில் நொண்டினார். நான் எட்டு இடத்தில் டயரை அமுக்கிப் பார்த்தேன். வெல்டர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக இறங்கி நின்றார். ஆறு மணி நேரம் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். நேரம் குறித்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். வெல்டர் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் எங்களைப் பட்டறைக்கு வரச் சொன்னார். இரும்புத்தூள் வாடை. எங்கள் சைக்கிள்கள் முந்தைய நாளே அங்கே போய்விட்டன. அவர் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"டாக்டர், உங்க முழங்காலுக்காக சீட்ட ரெண்டு விரக்கடை ஏத்தியிருக்கேன். பெடலும் மாத்திட்டேன். மேடம், உங்க டயரைத் தூக்கிப் போட்டுட்டேன். இது நல்ல டயர், காத்து இறங்காது."

நல்ல டயர்தான். போன மாதம் அவர் தன் சைக்கிளுக்கு வாங்கிப் போட்டது. என்னுடைய பழைய டயர்கள் அவர் சக்கரங்களில் இருந்தன.

"தப்பு என்மேலதான்," என்றார். "உங்களுக்கு முடியலன்னு தெரிஞ்சுதான் மெதுவா மிதிச்சேன். ஆனா ரொம்ப மெதுவாப் போயிட்டேன்போல."

நான் டாக்டரைப் பார்த்தேன். பேச்சையே மூச்சாகக் கொண்ட மனிதர், வாயில் பஞ்சு வைத்ததுபோல நின்றார். கடைசியில் நானே சொன்னேன். முழங்கால் நன்றாக இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு முடியாதென்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் கூனிக் குறுகிப் போனேன்.

வெல்டர் பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வீட்டுல ஒரு அக்கா போதாதா எனக்கு?" என்றார். "ரோட்டுலயும் ரெண்டு அக்காவா?"

டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் முன்னாடி போறேன். ரெண்டு தடவைதான் நிப்போம். நெசமா வலிச்சா சொல்லுங்க. வலிக்கலன்னா வாயத் தொறக்கக் கூடாது."

கடைசி நிபந்தனைதான் டாக்டருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மனிதர் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு வெல்டர் ஓட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அவர் கால் ஒரே தாளத்தில் சுற்றியது. இத்தனை வருடமும் இந்த மனிதர் எங்களுக்காகத் தன்னை அடக்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் மூச்சிரைத்தாலும் விடாமல் ஒட்டிக்கொண்டு போனார். எண்பது கிலோமீட்டரில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. எண்பத்திரண்டில் என் கால்கள் கழன்று விழுந்துவிடும்போல ஆகிவிட்டன. இந்த முறை நடிப்பில்லை.

"எனக்கு நெசமாவே முடியல," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவருடைய கடைசி வாய்ப்பை நானே பாழாக்குகிறேனே என்ற அழுகை.

அவர் பதறவும் இல்லை, பாவம் என்று பார்க்கவும் இல்லை. எனக்கு நேர் முன்னால் வந்துகொண்டார்.

"என் பின்சக்கரத்த மட்டும் பாருங்க. ஒரு முழம் விட்டு வாங்க. காத்த நான் பாத்துக்கிறேன்."

பதினெட்டு கிலோமீட்டர். காற்று முழுவதும் அவர் மார்பில் மோதியது. அவர் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பாதி கனம் குறைந்துவிட்டது. ஒரு தடவைகூட "முடியுமா" என்று கேட்கவில்லை. முடியும் என்று வைத்துக்கொண்டே ஓட்டினார். என்னை ஒருவர் இவ்வளவு மதித்து நடத்தியதில்லை.

ஐந்து மணி நேரம் ஐம்பத்து நான்கு நிமிடம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்துவிட்டேன்.

அக்கா வந்திருந்தார். தோளில் துண்டு, கையில் குளுக்கோஸ் தண்ணீர், மடக்கு நாற்காலி, எல்லாம் தம்பிக்கு. வேகமாக ஓடி வந்தவர் தம்பி முகத்தைப் பார்த்து நின்றார். வெல்டருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பிறகு அக்கா தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். துண்டும் தண்ணீரும் என்னிடம் வந்தன.

"ஏன்டா, உனக்கு அறிவிருக்கா?" அக்காவின் குரலுக்கு, நேரம் குறித்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். "பொம்பளைய இப்படியா அடிச்சு ஓட்டிட்டு வருவ? எருமை, நீ பாட்டுக்கு மிதிச்சிருப்ப! பின்னாடி வர்றவங்க செத்தாங்களா பொழைச்சாங்களான்னு திரும்பிப் பாத்தியாடா?"

அத்தனையும் அபாண்டம். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் என் காலை மிதித்தார்.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூக்கு நுனியில் நீர் சொட்டியது. அது வேர்வை இல்லை.

"நிக்கிறான் பாரு, கல்லுளிமங்கன். வாயத் தொறந்து பேசேன்டா!"

எனக்கு எழுந்து உட்காரத் தெம்பு வந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடி, இன்னும் கொஞ்சம் முனகினேன்.