நோன்பு முடிந்த பிறகும்

குனிந்து பார்த்தால்தான் முன்னிக்குத் தன் பாதங்கள் தரையில் இருப்பது தெரியும். சர்க்கரை வியாதி அவற்றை மரத்துப்போகச் செய்து சில வருடங்கள் ஆகின்றன. ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், மற்றதோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடுவரை நடந்தே வந்துவிட்டாள். வாசலில் மருமகள் மிஸ்பாதான் பார்த்துச் சொன்னாள். முன்னி குனிந்து பார்த்து, "ஆமா" என்றாள்.

சர்க்கரைக்குத் திண்டிவனத்தில் ஒரு டாக்டர், இதயத்துக்குப் புதுச்சேரியில் ஒருவர், முட்டிவலிக்கு விழுப்புரத்தில் ஒருவர். ஒருவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் அளந்து குடிக்கச் சொன்னார். தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், அதன்பின் டீக்குக்கூட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு டிபனுக்கு முன், டிபனுக்குப் பின், மதியத்துக்கு முன், மதியத்துக்குப் பின் என்று நாள் நகரும். ஒவ்வொன்றுக்கும் மிஸ்பாவின் போனில் அலாரம் இருந்தது. "செஞ்சியிலயே உனக்குத்தாம்மா போன் அதிகமா வருது" என்பான் மகன் உஸ்மான். டயர் கடையிலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம் அந்த மணி அடிக்கும்.

எல்லாவற்றிலும் மதிய மாத்திரைதான் அவளுக்குப் பெரும்பாடு. அதைப் போட்டால் வயிற்றைப் புரட்டும், ஏதோ தூக்கம் போல ஒன்று வந்து சாயங்காலம் வரை பிடித்து வைத்திருக்கும். அனந்தபுரத்தில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வரும் நேரம் முன்பெல்லாம் அதுதான். இப்போது அக்கா வீட்டுக்குப் போவதே நின்றுவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. மதியம் இல்லை, அதனால் போகவில்லை.

ரம்ஜான் வந்தபோது திண்டிவனம் டாக்டர் பூங்குழலி நோன்பு வேண்டாம் என்றாள். வைப்பேன் என்றாள் முன்னி. டாக்டர் எல்லா மாத்திரைகளையும் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கும், மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்குமாகப் பிரித்துக் கொடுத்தாள். சிலவற்றைக் குறைத்தாள். ரம்ஜான் முடிந்ததும் பழையபடி போட வேண்டும் என்று மிஸ்பாவிடம் சொல்லி அனுப்பினாள்.

அந்த மாதம் முழுவதும் பகலில் போன் அடிக்கவில்லை. கோட்டையைப் பார்க்க வரும் வேன்கள் தெருமுனையில் திரும்பும் சத்தத்தைக் கேட்டபடி முன்னி பாயில் படுத்திருந்தாள். சில நாள் அனந்தபுரம் போய்வந்தாள். அக்காவும் அவளும் மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பசித்தது. ஆனால் பசிக்கு அலாரம் தேவையில்லை.

பெருநாளன்று பிரியாணித் தட்டின் முன்னே உட்கார்ந்தபோது மணி அடித்தது. மிஸ்பா எல்லா அலாரங்களையும் திரும்ப வைத்திருந்தாள். முன்னி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அது அவளுக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே, பெருநாளுக்குப் பிந்தைய ஆறு நோன்பையும் வைக்கப்போவதாகச் சொன்னாள். டாக்டரிடம் கேட்க வேண்டாமா என்றாள் மிஸ்பா. கேட்டாச்சு, இதுவும் நோன்புதானே என்றாள் முன்னி. மாத்திரைகள் மீண்டும் சஹருக்கும் மாலைக்கும் போயின. அந்த ஆறும் முடிந்த மறுநாள் காலையிலும் அவள் டீ குடிக்கவில்லை. களா நோன்பு பாக்கி இருக்கிறது என்றாள். சின்ன வயதில் விட்டுப்போன நோன்புகளை இப்போது வைத்துத் தீர்க்கிறாளாம்.

"சின்ன வயசுல நீ நோன்பே வெச்சதில்லியா, இன்னாம்மா?" என்று உஸ்மான் சிரித்தான்.

மிஸ்பா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் விடுபட்டவை அவை என்று அவனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்து போனான். அதன்பிறகு அவன் கேட்கவே இல்லை. அது எந்த ஆணும் கேட்க முடியாத கணக்கு. எப்போது தீரும் என்று சொல்ல முன்னியைத் தவிர யாருமில்லை.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போனது. பாறை மலைகளின் சூடு ஊருக்குள் இறங்கி, சாயங்காலம் வரை சுவர்களில் நின்றது. ஒருநாள் மதியம் துணி எடுக்க மாடிக்குப் போன மாமியார் வெகுநேரம் இறங்கவில்லை. மிஸ்பா போய்ப் பார்த்தாள். கொதிக்கும் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு முன்னி உட்கார்ந்திருந்தாள். சேலை வியர்வையில் ஊறியிருந்தது, கைகள் நடுங்கின. கூப்பிட்டதற்கு வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, மிஸ்பா ஓடிப்போய்ச் சீனி கரைத்துக் கொண்டுவந்தாள். முன்னி உதடுகளை மூடிக்கொண்டாள்.

"மாமி, குடிங்க. நோன்பு போனா இன்னொரு நாள் வெக்கலாம்."

"இன்னொரு நாளும் இல்லடி" என்றாள் முன்னி. "எல்லாம் எப்பவோ வெச்சு முடிச்சிட்டேன். ஒண்ணும் பாக்கி இல்ல."

பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தாள். அவளுடைய பாதத்தில் பெரிய கொப்புளம் ஒன்று எழும்பியிருந்ததை மிஸ்பா அப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் திண்டிவனம் போனார்கள். இல்லாத நோன்பை மாமியார் ஏன் வைத்தாள் என்பதை இரவெல்லாம் யோசித்து மிஸ்பாவே கண்டுபிடித்திருந்தாள். அந்த அலாரங்களை வைத்தவள் அவள்தான்.

பூங்குழலி கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு, முன்னியைக் கடிந்துகொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மயக்கத்திலேயே போயிருப்பீர்கள் என்றாள். முன்னி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் மிஸ்பா, "மாமி நோன்புக்காக வெக்கல டாக்டர். மத்தியான மாத்திரைக்குத் தப்பத்தான் வெச்சாங்க" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினாள். "அது முடியலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஏம்மா சொல்லல?"

முன்னி யோசித்தாள். "நோன்புன்னு சொன்னேன், மாத்திக் குடுத்தீங்க. எனக்குக் கஷ்டமா இருக்குதுன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்களா?"

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். பூங்குழலி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். மிஸ்பா பையை மேசைமேல் கவிழ்த்தாள். டாக்டர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, இது எதற்கு, இதைக் கொடுத்தது யார் என்று கேட்டாள். நெஞ்செரிச்சல் மாத்திரையை ஏன் போடுகிறாள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. விழுப்புரத்தில் கொடுத்த வலி மாத்திரைக்குத் துணையாக வந்தது அது. வலி மாத்திரையை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பூங்குழலி புதுச்சேரிக்குப் போன் போட்டு இதய டாக்டரிடம் சிறிது நேரம் பேசினாள். மதியத்துக்கான சர்க்கரை மாத்திரைக்குப் பதில், காலையில் ஒருமுறை மட்டும் போடும் வேறொன்றை எழுதினாள். இதய மாத்திரை ஒன்று இரவுக்குப் போனது. தைராய்டுக்கு மட்டும் வேறு வழியில்லை என்றாள்.

"மத்தியானம் ஒண்ணும் இல்ல. ஆனா மத்தியானம் நீங்க சாப்பிடணும். சம்மதமா?"

முன்னி தலையாட்டினாள்.

கொப்புளம் ஆறும்வரை அவளால் எங்கும் போக முடியவில்லை. மதியங்களில் மிஸ்பா சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்தாள். முன்னி சாப்பிடும்போது கண் போன் பக்கமே போய்வந்தது. அது அடிக்கவில்லை. இருந்தாலும் அந்த நேரத்துக்கு வயிறு தானாக ஒருமுறை புரண்டு அடங்கியது. சந்தோஷமாக இருக்கிறதா என்று உஸ்மான் கேட்டான். தெரியலப்பா என்றாள். பொய் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அனந்தபுரம் போய்வருவதாகச் சொன்னாள். மிஸ்பா வாசல்வரை வந்து அவள் பாதங்களைப் பார்த்தாள். முன்னியும் குனிந்து பார்த்தாள். இரண்டு செருப்பும் இருந்தன.

"போய்ட்டு வாங்க மாமி" என்றாள் மிஸ்பா. "நான் போன் பண்ண மாட்டேன்."