கேட்காமல் எடுத்த குரல்

தர்சினி மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு நாள்தோறும் மினிபஸ்ஸில் போய் வந்தாள். படித்தது மின்னியல். ஆனால் இருபது வயதில் அவளுடைய நினைப்பெல்லாம் டிஜே ஆவதிலேயே இருந்தது. கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுகிற டிஜே அல்ல. தானே தாளம் கட்டி, தானே ஒலி சேர்த்து, கேட்கிறவர்களை ஆட வைக்கிற டிஜே. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் அவள் தலையை ஆட்டுவதைக் கண்டால் தாய் உதயகலா, "என்ன, சன்னதம் வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அவள் செய்தவற்றில் ஒன்றுதான் அவளுக்கே பிடித்திருந்தது. பஸ் கொண்டக்டர் முத்துக்குமாருவின் குரலில் செய்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு காலைப் படியில் வைத்து அவர் கூப்பிடுவார்: "ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சங்கானை!" கடைசிச் சங்கானையில் குரல் மெல்ல ஏறி உடையும். ஒருநாள் இருக்கையில் இருந்தபடியே அதைப் போனில் பதிந்தாள். உடைகிற அந்த இடத்தில் தாளத்தை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி இறக்கினாள். மூன்று வாரம் எடுத்தது.

ஆவணியில் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் ஜெயசுதன் திருவிழாவுக்கு வந்தான். அங்கே அவன் டிஜே. அவளுடைய பாட்டைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னான். பிறகு, "இதை எனக்கு அனுப்பிவிடு தங்கச்சி" என்றான். உடனே அனுப்பினாள்; அன்று முழுவதும் அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்தப் பாட்டு ஒலித்தது. சாரதி போட்டிருந்தான். முகப்பில் கொஞ்சம் மேளம் சேர்த்திருந்தார்கள். மற்றதெல்லாம் அவள் வைத்தபடியே. தன் போனில் தேடிப் பார்த்தாள். ஜெயசுதனின் பெயர் மட்டுமே இருந்தது. இரண்டு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள்.

பின்னால் இருந்த பெடியன்கள் பாட்டோடு சேர்ந்து கத்தினார்கள். "சங்கானை, சங்கானை!" ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான். "முத்துக்குமாரு அண்ணை, உது உங்கடை குரல் மாதிரியெல்லோ கிடக்கு?"

"என்ரை குரல்தான்" என்றார் அவர். "ஆர் எடுத்தவை எண்டு தெரியேல்லை."

இது நான் செய்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் எடுத்ததும் நான்தான் என்று ஆகிவிடும். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். மானிப்பாயில் இறங்கும்போதும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே ஜெயசுதனுக்குப் போன் எடுத்தாள்.

"என்ரை பேர் எங்கை அண்ணை?"

"ஐயோ, அது அவசரத்திலை விட்டுப்போச்சு. நான் மேளமெல்லாம் சேர்த்தனான்தானே. நீ போட்டிருந்தா ஆர் கேட்டிருப்பினம்?"

"ஆரும் கேக்காட்டிலும் அது என்ரை. என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

அவன் குரல் மாறியது. "அப்ப நீ அந்தக் கொண்டக்டரிட்டைக் கேட்டே எடுத்தனீ?"

அவள் போனை வைத்தாள். அவன் தப்புவதற்காகத்தான் கேட்டான் என்பது தெரிந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. சாப்பிடும்போதும் அது கூடவே இருந்தது.

மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில், முத்துக்குமாரு பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றபோது போய்ச் சொன்னாள். போனில் பதிந்தது, பாட்டாக்கியது, அண்ணனுக்கு அனுப்பியது எல்லாவற்றையும். வடிவான குரல் என்பதால்தான் எடுத்தேன் என்றும் சொன்னாள். அவர் சந்தோசப்படுவார் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு வருசமாக் கூப்பிடுறன் பிள்ளை. ஒருத்தரும் சிரிச்சதில்லை. இப்ப நான் வாயைத் துறந்தாப் பெடியள் முந்திக்கொண்டு கத்துறாங்கள். என்ரை மகளின்ரை பள்ளிக்கூடத்திலையும் அவளைச் 'சங்கானை' எண்டு கூப்பிடினமாம்."

தர்சினி மெல்லக் கேட்டாள். "அந்தப் பாட்டை முழுக்க எடுத்துவிடச் சொல்லட்டோ அண்ணை?"

"எடுத்துப் போட்டால் நல்லம்." தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு, "நீர் கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை எண்டு விளங்குது" என்றார். பிறகு படியில் ஏறினார். ஊர்ப் பெயர்களைக் கூப்பிடவில்லை. பஸ்ஸின் தகரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஜெயசுதன் முதலில் மறுத்தான். அவளுடைய பெயரை முன்னுக்குப் போடுகிறேன் என்றான். முதல் நாள் இதைத்தானே கேட்டாள்! ஒரு கணம் தயங்கவும் செய்தாள். "வேண்டாம் அண்ணை. அந்தாள் வேண்டாமெண்டுறார். முழுக்க எடுங்கோ" என்றாள். பெரியம்மா போன் எடுத்து உதயகலாவிடம், "உன்ரை பெட்டைக்குச் சரியான கெறு, தலைக்கனம்" என்றாள். உதயகலாவும் முதலில் மகளைத்தான் ஏசினாள். கதை முழுவதையும் கேட்டபிறகு, "அப்ப எடுக்கத்தானே வேணும்" என்று தமக்கைக்குச் சொன்னாள். மூன்றாம் நாள் பாட்டு காணாமல் போனது. ஜெயசுதன் அதன்பிறகு அவளோடு கதைக்கவில்லை. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களின் போன்களில் அது இன்னும் கொஞ்சக் காலம் ஒலித்தது. அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முத்துக்குமாருவிடம் போய் அதையும் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

குரலை நீக்கிவிட்டுத் தன் கணினியில் அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். கூரை கழற்றிய வீடு போலிருந்தது. எவ்வளவு தன்னுடையது என்று எண்ணியிருந்தாளோ, அவ்வளவு தன்னுடையதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. அழித்தாள்.

மார்கழியில் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா. கரப்பந்தாட்ட இறுதிப்போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே அரைமணி நேரம் அவளுக்குக் கொடுத்தார்கள். தோழி கிறிஸ்ரினாவிடம் கேட்டு, அவள் சிரிக்கிறதைப் பதிந்து ஒரு புதிய பாட்டுச் செய்திருந்தாள். பழையதைப் போல அது அமையவில்லை என்று அவளுக்கே தெரியும். வெயிலில் எட்டுப் பத்துப் பேர் ஆடினார்கள். மற்றவர்கள் கதிரையில் இருந்து சர்பத் குடித்தார்கள். நடுவில் தாளம் ஓரிடத்தில் இழுபடுவதை ஆடுகிறவர்களின் கால்களில் கண்டாள். அந்த இடத்தைச் சுருக்கி அடுத்ததற்குப் போனாள். கால்கள் மறுபடி சேர்ந்துகொண்டன.

மேடையை விட்டு இறங்கியதும் கழகச் செயலாளர் வந்து, "பிள்ளை, சித்திரை வருசப்பிறப்புக்கும் வருவீரோ?" என்று கேட்டார்.

"ஓம், வாறன்" என்றாள்.