அரை நிமிஷ விசில்

“மேகலா மேடம் வந்துட்டாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளுக்கொரு செட்டு வைத்து ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். குருமூர்த்தி உரிமம் எடுத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அவர் மனைவி மேகலா எடுத்துப் பதினாறு மாசம்கூட ஆகவில்லை.

“நான் இருக்கேன் சார். குருமூர்த்தி, அரியலூர்.”

“ஓ, வணக்கம் சார். மேடம் இல்லீங்களா?”

குருமூர்த்தியின் செட்டு நாற்பது வருஷத்துப் பழசு. இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவுதான் இருக்கும். வீட்டில் மேசை மேலும் வைக்கலாம், காரில் டேஷ்போர்டுக்கு அடியிலும் மாட்டலாம். மேகலாவுக்கு அவள் அண்ணன் செந்தில்குமார் புதுச் செட்டு வாங்கிக் கொடுத்த அன்றே பழையதைக் கழற்றிக் காரில் மாட்டிவிட்டார்.

“ரெண்டும் வூட்லயே இருக்கட்டுமேங்க.”

“வேணாம். ஒரு மேசைக்கு ஒரு செட்டு போதும்.”

அந்தப் பழைய செட்டுக்கு ஒரு குணம் உண்டு. டியூன் சுவிட்சைப் போட்டு மைக்கை அமுக்கினால், கேட்கிறவர் காதில் விசிலாக விழும். மற்ற செட்டுகளின் விசில் ஒரே சுருதியில் நிற்கும். இதன் விசில் உச்சத்தில் தொடங்கி, அரை நிமிஷம் வழுக்கி வழுக்கி இறங்கும். அது இறங்கி நிற்பதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே டிரான்சிஸ்டர் கருகிவிடும். அதற்கு மாற்று இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

“சளி புடிச்ச குக்கர் மாதிரி கத்துது” என்பாள் மேகலா.

“பாடுதுன்னு சொல்லு.”

அந்த வாரம் ஹாம்காரர்கள் நாலு பேர் செட்டுகளோடு லட்சத்தீவுக்குப் போயிருந்தார்கள். ஞாயிறு மாலை ஆறு மணியோடு மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குள் அவர்களோடு பேசிப் பதிவாகிவிட்டால் தபாலில் ஒரு அட்டை வரும். குருமூர்த்தியின் சுவரில் முப்பது நாட்டு அட்டைகள் இருந்தன. ஹாம் கணக்கில் தனி நாடாக வரும் லட்சத்தீவு மட்டும் இல்லை. ஆறு நாளாகக் கூப்பிட்டும் பிடிக்க முடியவில்லை. ஏழாம் நாள் பார்த்து, விக்கிரமங்கலத்தில் குழந்தைவேல் வயல் மோட்டார் நின்றுபோனது; மோட்டார் ரிப்பேர் பார்க்கும் குருமூர்த்தி காரை எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மோட்டாரைச் சரிசெய்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து செட்டைப் போட்டபோது மணி நாலு. குழந்தைவேல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதுல பாட்டு வருமா தம்பி?”

“பாட்டெல்லாம் வராதுண்ணே. சும்மா இருங்க, கூப்பிடுறேன்.”

நாலு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. ஐந்தாம் தடவைக்கு மூச்சை இழுத்தபோது தீவின் குரல் வந்தது.

“அரியலூர் மேகலா மேடம், முத்தமிழ் பேசுறேன். சொல்லுங்க.”

“அட, ஒங்க சம்சாரமா?” என்றார் குழந்தைவேல். “ஒரே கூப்பாட்டுல புடிச்சிட்டாங்களே! நீங்க ஏன் தம்பி தொண்டை தண்ணி வத்தக் கத்துறீங்க? அவங்களையே ஒங்களுக்கும் சேத்துப் பேசச் சொல்லிடலாம்ல?”

 குருமூர்த்தியின் கை டியூன் சுவிட்சுக்குப் போனது. மைக்கை அமுக்கினார். நாலு எண்ணி விட்டார்.

“மேடம், ஒங்க குரல் மேல விசில் விழுது. திரும்பச் சொல்லுங்க.”

மறுபடி அமுக்கினார்.

“என்ன தம்பி பேசாம அமுக்குறீங்க?”

“செட்டைச் சரி பாக்குறேன்.”

“விசிலு விழுதுங்கிறாரு அந்தாளு. நீங்க போடுறதா?”

“ஒங்க மோட்டாரப் போயி பாருங்கண்ணே!”

மூன்றாம் தடவை அமுக்கியவர் எண்ணவில்லை. அமுக்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் எதுவும் கேட்காது. வெறும் நிசப்தம். அந்த நிசப்தத்தில் அவர் காதில் ஓடியதெல்லாம் ‘மேடம் இல்லீங்களா’தான்.

“தம்பி, ஏதோ கருகுது.”

கையை எடுத்தார். செட்டின் மேல்தகடு தொட முடியாமல் சுட்டது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“இப்ப கிளியரா இருக்கு மேடம். ஃபைவ் நைன், முழு சிக்னல். பதிவு பண்ணிட்டேன்.”

“நன்றி சார்” என்றாள் மேகலா. “எங்க வீட்டுக்காரர் கார் செட்டோட விக்கிரமங்கலம் பக்கம் நிக்கிறாரு. ஒரு வாரமா ஒங்களத்தான் தேடிக்கிட்டிருக்காரு. அவரைக் கூப்பிட்டுப் பாருங்க.”

“விக்கிரமங்கலம் கார் ஸ்டேஷன், வாங்க சார். மத்தவங்க கொஞ்சம் பொறுங்க.”

குழந்தைவேல் குனிந்து பார்த்தார். “ஒங்களத்தான் கூப்பிடுறாங்க! பேசுங்க தம்பி!”

குருமூர்த்தி அமுக்கித் தன் பெயரைச் சொன்னார். குரல் வெளியே போனால் செட்டின் முகப்பில் எழும் முள் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னார். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“கார் ஸ்டேஷன், ஒண்ணுமே கேக்கல சார். சரி, அடுத்தவங்க வாங்க.”

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். மேகலா மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“கூப்பிட்டாங்களே, ஏன் பேசல?”

“கேக்கல.”

“கேட்டிருக்கும்.” செட்டின் சத்தத்தைக் குறைத்தாள். “கேக்கிறதுக்குத்தான் ஒண்ணும் ஆயிருக்காதே. பேசுறதுதான் போயிருக்கும்.”

அவர் காலிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊர்ல ஆயிரம் விசில் கேட்டிருக்கேன். இறங்கிக்கிட்டே வர்ற விசிலு நம்ம வூட்டுது மட்டுந்தான். மூணாவது தடவை நீங்க கைய எடுக்கலன்னதும், ‘போதும், வுடுங்க, செட்டு போயிடும்’னு கத்துனேன். அமுக்கிக்கிட்டே இருந்தா எப்படிங்க கேக்கும்?”

“மைக்லயா கத்துன?”

“பின்ன, ஜன்னல்லயா?”

“தீவுல கேட்டிருக்குமா?”

“விசிலுக்கு நடுவுல அவங்களுக்கு என்ன கேட்டுச்சோ, எனக்குத் தெரியாது.” நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளி நின்றாள். “ஒக்காருங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

“ஒன் செட்டுலயா?”

“செட்டு என்னுது. கூப்பிடுற பேரு ஒங்களுது.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தார். சுவரில் அட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவரே அளந்து விட்டு வைத்த கட்டம். உட்கார்ந்தார்.

முதல் கூப்பாட்டிலேயே பதில் வந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“அரியலூர், ஃபைவ் நைன். முத்தமிழ் பேசுறேன். ஒங்க பேரு சார்?”

“குருமூர்த்தி.”

“குருமூர்த்தி சார்... மேகலா மேடம் வீட்டுக்காரருங்களா?”

மேகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. கடிகாரத்தில் ஆறடிக்க நாலு நிமிஷம். குருமூர்த்தி மைக்கை அமுக்கினார். முள் துள்ளி எழுந்து நின்றது.

“ஆமாங்க. மேகலா வூட்டுக்காரன்தான்.”

“பதிவு பண்ணிட்டேன் சார். ரெண்டு பேர் அட்டையும் ஒரே கவர்ல, மேடம் பேருக்கு அனுப்பிடுறோம்.”

மேகலா மைக்கை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“என்னுது தனிக் கவர்ல அனுப்புங்க சார்” என்றார்.