பதினாலு வால் இறகு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வந்து உட்கார்ந்த புறாவை பாலகுமார் தோள்துண்டால் விரட்டினான். அது எழும்பி, பந்தல் துணிக்கு அடியில் ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் அங்கேயே இறங்கியது. கண்ணாடிக்குக் கீழே அப்பாவின் முகம் இருந்தது. நகங்கள் கீறும் சத்தம் கேட்டு, அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள்.

"பசிடா அதுங்களுக்கு. நேத்து சாயங்காலத்துலேருந்து யாரும் ஒண்ணும் போடல" என்றார் சாமிக்கண்ணு. அம்மாவின் அண்ணன். காலையிலிருந்து எல்லா வேலையையும் அவர்தான் இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தார்.

"போட்டா இங்கயே நிக்கும் மாமா."

"போடாங்காட்டியும் நிக்கிதே."

பாலகுமார் துண்டை மறுபடியும் வீசினான்.

அப்பா தேவநாதன் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்தவர். திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பின்னால் சொந்த வீடு. மாடியில் புறாக்கூண்டு. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று சித்திரையில் டாக்டர் சொன்னார். கம்பெனிப் புகையாலா, புறாத் தூசியாலா என்று பாலகுமார் கேட்டான். "ரெண்டாலயும் இருக்கலாம். எதுவும் இல்லாமயும் சில பேருக்கு வரும். ஆனா புறாவ நீங்க நிறுத்தலாம் பாருங்க" என்றார் டாக்டர். கம்பெனியை இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பாலகுமார் புறாத் தூசிதான் காரணம் என்று பிடித்துக்கொண்டான்.

அவனுக்கு கம்மாபுரம் ஒன்றிய அலுவலகத்தில் வேலை. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறாக்களையெல்லாம் தக்காளிப் பெட்டிகளில் அடைத்து மினி வேனில் ஏற்றிப் போய், அங்கே தோட்டம் வைத்திருந்த ஒரு நண்பனிடம் கொடுத்தான். வேன் கிளம்பும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எட்டு நாள் கழித்து அந்த நண்பன், பழகியிருக்கும் என்று நினைத்துக் கூண்டைத் திறந்துவிட்டான். மறுநாள் மதியம் பதினொரு புறாக்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

"நான் கூப்புடல" என்றார் அப்பா.

புறாவைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அப்பா மாடி ஏறாமல் இருந்தால் போதும் என்று அவனும் விட்டுவிட்டான். பாலகுமார் தினமும் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு போன் பண்ணுவான். "மேல போனாரா?" "போவலடா. பேப்பர் படிச்சிக்கிட்டு கெடக்குறாரு." தினமும் இதே கேள்வி, இதே பதில். ஆனாலும் இருமல் ஜாஸ்தியாகிக்கொண்டேதான் வந்தது. நேற்று மாலை ஐந்தரைக்கு முடிந்துபோனது.

மணி ஒன்றைத் தாண்டியபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் தடித்த ஃபைல். மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பந்தலுக்குள் கிசுகிசுப்பு ஓடியது. யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையை விடவில்லை. பாலகுமாருக்கு அது விளங்கவில்லை.

பிறகு அவள் அவனிடம் வந்தாள்.

"நீங்கதான பாலகுமார்? நான் ஜான்சி. சிதம்பரத்துல காலேஜ்ல விலங்கியல் சொல்லித் தர்றேன். அப்பா சொல்லியிருப்பாங்களே."

சொன்னதில்லை. "யாரு மேடம் உங்களுக்குத் தகவல் சொன்னது?"

"அம்மாதான். காலையில போன் பண்ணாங்க."

பாலகுமார் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா மலர்க்கொடி ஐஸ் பெட்டியின் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். தான் ஏன் வந்திருக்கிறோம் என்று விளக்கக் கடமைப்பட்டவள்போல மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இயற்கையை ஆராய்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு இனம் இன்னொரு இனமாக மாறுமா, ஒரே ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகள் ஏன் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதெல்லாம் கேள்விகள். அந்தக் கடிதங்களைப் படிப்பதுதான் அவளுடைய வேலை.

"பதில் எழுதினவங்கள்ல நெறய பேர் விஞ்ஞானி இல்லைங்க. புறா வளக்கறவங்க, தோட்டக்காரங்க, பட்டாளத்துக்காரங்க. தெனம் கண்ணால பாக்கறவங்க அவங்கதான. எனக்கும் அப்படி ஒருத்தர் கெடச்சா தேவலன்னு இருந்துச்சு. கடலூர் புறா கிளப்புல அட்ரஸ் வாங்கி அப்பாவுக்கு எழுதினேன். விசிறி வால் இருக்குமே, அந்த வெள்ள லக்காவையும் கருப்புப் பந்தயப் புறாவையும் சேத்தா, பேரக்குஞ்சுல கோயில் மாடப்புறா கலர் திரும்பி வரும்னு அந்தக் காலத்துல எழுதியிருக்காங்க, நெஜமான்னு கேட்டேன். 'எனக்கு நம்பிக்கை இல்லை, கலந்து பார்த்துச் சொல்கிறேன்'னு பதில் வந்துச்சு. மூணு வருஷம் ஆச்சு. நாப்பத்தோரு கடிதம்."

"போன்ல பேசிக்க மாட்டீங்களா?"

"போன்ல சொன்னா காத்தோட போயிடும்பாரு."

பாலகுமாருக்குள் ஏதோ சூடாக எழும்பியது. நேற்றிலிருந்து யார்மேலாவது கோபப்பட வேண்டும் என்று அவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"அந்தப் புறாவாலதான் மேடம் அவரு போனாரு."

ஜான்சி தலையை ஆட்டினாள். "தெரியும். சித்திரையிலயே எழுதியிருந்தாரு. எல்லாத்தையும் நிறுத்திடுங்க, எனக்கு ஒண்ணும் வேணாம்னு நான் அன்னைக்கே பதில் போட்டேன். அப்புறந்தான் நீங்க பொறுப்பெடுத்துக்கிட்டதா எழுதினாரு. அதப் படிச்சதுக்கப்புறந்தான் எனக்கு மனசு ஆறிச்சு."

"நானா?"

அவள் ஃபைலிலிருந்து ஒரு இன்லேண்டு கடிதத்தை எடுத்து நீட்டினாள். அப்பாவின் கையெழுத்து. பாய்லர் ரிஜிஸ்தரில் எழுதிப் பழகிய, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துகள்.

'அம்மா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் மாடி ஏறுவதே இல்லை. என் மகன் பாலகுமார் தினமும் காலையில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். நான் எழுதுவது மட்டும்தான். அவன் என்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறான். கலப்புக் குஞ்சுக்கு வால் இறகு பன்னிரண்டு என்று முன்பு எழுதியிருந்தேன். அது என் தவறு. அவன் விரித்து எண்ணிப் பார்த்துப் பதினாலு என்றான். அவன் சொன்னதுதான் சரி. திருத்திக்கொள்ளவும்.'

பாலகுமார் இரண்டு தடவை படித்தான். அந்தக் காலை நேரங்களில் அவன் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு புறாவின் வாலை அவன் ஒரு நாளும் விரித்துப் பார்த்ததில்லை. எண்ணியது அப்பாதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் நம்புவதற்கு, மகன் பார்க்கிறான் என்ற ஒரு வரியே போதுமே. தான் தப்பாக எண்ணியதாகவும் மகன் திருத்தியதாகவும் எதற்கு எழுத வேண்டும்? அவன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் முகவரிதான் இருந்தது.

"இதுக்கப்புறம் வந்த ஒம்பது கடிதமும் நீங்க பாத்துச் சொன்னதுதான். நான் நோட்டுல எல்லாத்துக்கும் பக்கத்துல 'பார்த்தவர் பாலகுமார்'னுதான் எழுதி வச்சிருக்கேன்." ஜான்சி தயங்கினாள். "கடைசிக் கடிதத்துல பேரக்குஞ்சு ரெண்டு பொரிச்சிருக்குன்னு எழுதியிருந்தாரு. பதினஞ்சு நாள்ல கலர் தெரிஞ்சிடும், மகன் பாத்துச் சொல்லிடுவான்னு. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா அவரு அத எதிர்பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னா கலருங்க?"

நான் மேலே போனதே இல்லை மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் அந்த நாற்காலியில் இருப்பவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தது. சொல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுப்பா" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"டேய், குளிப்பாட்டற நேரம்" என்றார் சாமிக்கண்ணு.

"ரெண்டு நிமிஷம் மாமா."

மாடியில் வெயில் சுட்டது. கூண்டுக்குள் குனிந்து நுழைந்தான். எச்சமும் தூசியும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. ஆணியில் கயிறு கட்டிய பென்சில் ஒன்று தொங்கியது. ஓரத்தில் முக்காலி. அதன்மேல் காபி அடியில் காய்ந்துபோன இரண்டு டம்ளர்கள். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அம்மாவுடையது.

'போவலடா' என்று அம்மா தினமும் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. பிறகு டின்னைத் திறந்து கம்பை அள்ளித் தரையில் இறைத்தான். தெருவிலிருந்த புறாக்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின.

உடைந்த மண்சட்டி ஒன்றில் குஞ்சுகள் இரண்டு இருந்தன. எப்படித் தூக்குவது என்று தெரியாமல் ஒன்றை இரண்டு கைகளாலும் அள்ளினான். இவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அது அலகை அவன் விரல் இடுக்குகளில் நுழைத்து நுழைத்து இரை தேடியது. முழுக் கருப்பு. அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தான். மஞ்சள் மயிர் இன்னும் உதிராத சாம்பல் உடம்பு. இறக்கையை விரித்துப் பிடித்தான். அவசரமாகப் பார்த்தான். பிறகு நிதானமாக இன்னொரு தடவை பார்த்தான்.

குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே கைப்பிடிச் சுவரிடம் வந்தான். கீழே பந்தலுக்கு வெளியே ஜான்சி நோட்டைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மாவும் எழுந்து வந்திருந்தாள்.

"ஒண்ணு கருப்பு மேடம்" என்று கத்தினான். தெருவே நிமிர்ந்து பார்த்தது. "இன்னொண்ணு சாம்பல். நீலம் மாதிரி சாம்பல். கோயில்ல இருக்குமே, அதே."

"ரெக்கையில கோடு இருக்கா?"

"இருக்கு. கருப்புக் கோடு."

"எத்தன? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். ரெண்டு."

அவள் எழுதினாள். முடித்துவிட்டு, பேனாவை எடுக்காமல் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"இன்னைக்குத் தேதி என்னாங்க?"

பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பத்தொம்பது" என்றார் சாமிக்கண்ணு.