யாரும் குளிக்காத குளியலறை

...திறக்கமாட்டாள், இவ்வளவு நேரமாக டைல்ஸைத் தடவிக்கொண்டும் ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டும் நிற்கிறவள் குழாயைத் திறந்து பார்க்கவா போகிறாள், ஆனால் கைப்பையைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாளே, கையைக் காலியாக்கிக்கொள்கிறவள் எதையாவது திருகாமல் போவாளா... இவள் படுக்கையறையிலேயே நின்றுகொண்டாள், இன்னும் இரண்டடி கிட்டே போனால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். குளியலறைக்குள் மூன்று பேர், வீடு வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும், நடுவில் இவள் வீட்டுக்காரர், வாயெல்லாம் பல்லாக. புத்தம் புதுசுங்க, இன்னும் ஒருத்தர் கால் வைக்கல, என்று அவர் சொன்னது இங்கேவரை கேட்டது. கால் வைத்தாயிற்றே, இன்று காலையில்தான், செருப்புகூட இல்லாமல்.

யாரைக் கேட்டு இடித்தார்கள் இதை, இவளையா கேட்டார்கள்? தரகர் சொன்னார், மத்த ரூமெல்லாம் சுமாரா இருந்தாலும் பாத்ரூம் பளிச்சுன்னு இருந்தா வீடு நிக்காதுங்க, போயிடும். கட்டட வேலை பார்க்கிற கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான், போட்டதுல பாதி திரும்பி வந்தாலே பெரிசுண்ணே, வாங்குறவன் அவன் இஷ்டத்துக்கு மறுபடி இடிப்பான், பேசாம வெள்ளையடிச்சு வித்துடு. அவர் தரகர் பேச்சைத்தான் கேட்டார், தம்பி சொல்லி எதைக் கேட்டிருக்கிறார். இவள் கேட்டது என்ன, டைல்ஸா, கண்ணாடித் தடுப்பா, ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். பழைய கதவில் ஆணி பிடிக்காமல் தாழ்ப்பாள் கழன்று விழுந்த நாளிலிருந்து, தண்ணீர் நிறைந்த வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே குளித்தவள் இவள். மாமனார், கொழுந்தன்மார், வந்தவர் போனவர் என்று ஆம்பிளைகள் நிறைந்த வீடு, காலடிச் சத்தம் கேட்டால் ஒரு இருமல், உள்ளே ஆள் இருக்கிறது என்று. தலைக்குச் சோப்புப் போட்டு முடிப்பதற்குள் எத்தனை இருமல். பண்ணிடலாம் என்பார். ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னவரில்லை, அந்த மனுஷன் வாயில் எப்போதும் பண்ணிடலாம்தான். பண்ணினார், இருபது வருஷம் கழித்து, முகம் தெரியாத எவளோ ஒருத்திக்காக, மூன்றே வாரத்தில், பித்தளைத் தாழ்ப்பாளோடு.

அதிலும் அந்தக் கட்டளை. வீடு விக்கிற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது, தண்ணிக் கறை பட்டா புதுசு மாதிரி இருக்காது. ஆகவே குளியலெல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்தில், வாளியை வைத்தால் கால் வைக்க இடமில்லை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். இன்று காலை அவர் பால் வாங்கப் போனார். இவள் ஏன் எழுந்து வந்தாள், ஏன் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், டக் என்று அது விழுந்ததும் ஏன் திறந்து இன்னொரு தடவை போட்டாள்... வெந்நீர் தலையில் கொட்டியது, ஒரு தடவைகூட இருமவில்லை, அழுகை வந்தது, அழுதாள், யார் கேட்கப் போகிறார்கள். கண்ணைத் திறந்தால் கணுக்கால்வரை தண்ணீர். மூலையில் சல்லடை போட்ட ஓட்டை அது பாட்டுக்குக் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் அதைச் சீண்டாமல் நேராக வாசலுக்கு ஓடி, நிலைப்படி தாண்டிப் படுக்கையறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மேஸ்திரி தரைக்கு வாட்டம் வைத்ததே தலைகீழ், சரிவு ஓட்டையைப் பார்த்து இருக்க வேண்டாமா? ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், கறை படுமே என்று யாரும் ஊற்றவில்லை. கிடைத்த துண்டால் துடைத்தாள், அது அவருடைய துண்டு, பிழிந்து வெயிலில் போட்டுவிட்டு வெளியே போய் அந்தக் குளியலறைக்கு வரும் வால்வை மூடினாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி, உன்னை யாரு உள்ள போகச் சொன்னா?

வாங்க வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது, அது நன்றாகத் தெரிகிறது. இவர்களும் போய்விட்டால் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்து வைத்த வீடு கைநழுவிவிடும், அதன் சொந்தக்காரர் இந்த மாசத்தோடு கெடு வைத்துவிட்டார். அவருக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. ரிட்டயர் ஆனதிலிருந்து சாயங்காலமானால் போன் எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருக்கிற மனுஷன். பாவம்தான். இவளுக்கு மட்டும் மகன் வேண்டாமா? வேண்டும்... ஆனால் அந்த டக்...

திறந்து பாக்கலாங்களா, என்றாள் வாங்க வந்தவள். தாராளமா, என்றார் அவர். குழாய் திருகும் சத்தம், புஸ்ஸென்று காற்று, அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார், ஏம்மா, மோட்டார் போடலியா, என்று குரல் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும், பேச்சு முடிந்தது, டேங்கில் தண்ணீர் இல்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் வாங்க வந்தவள் வாசலுக்கு வந்து இவள் முகத்தைப் பார்த்தாள். நீங்க இதுல குளிச்சீங்களாக்கா, சொல்லுங்க, உங்களுக்குத்தான தெரியும்.

இந்த வீட்டில் இவளைப் பார்த்து யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டதுண்டா... குளிச்சேன், என்றாள் இவள். காலையில. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தண்ணி ஓட்டைக்குப் போகல, வாசப்பக்கம் வருது. தரைய மறுபடி ஒடைச்சாத்தான் சரியாகும்.

வாங்க வந்தவள் குனிந்து தரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நாங்க பேசிக்கிறோங்க, என்று இருவரும் கூடத்துக்குப் போனார்கள். அவர் அசையவில்லை. கத்துவார் என்று நினைத்தாள், அவர் கத்தவில்லை. நீ எப்பக் குளிச்ச, என்று மட்டும் கேட்டார், அடிபட்ட குழந்தை மாதிரி. பிறகு அவரும் அவர்கள் பின்னால் போனார்.

கூடத்தில் தணிந்த குரல்கள், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. இவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள், டக். ஏன் சொன்னாள்? தன்னை நம்பிக் கேட்டவளுக்காகவா, அல்லது இது விலை போகாமல் இங்கேயே தனக்குக் கிடக்கட்டும் என்றா? முதலாவதுதான் என்று அடித்துச் சொல்ல முடிந்தால் தேவலை. காலடிச் சத்தம் ஒன்று படுக்கையறைக்குள் வந்தது, மெதுவாக, அவருடையதுதான், கதவுக்கு வெளியே நின்றது. தாழ்ப்பாள் இறுகப் போட்டிருந்தது. ஆனாலும் இவள் இருமினாள்.