உம் கொட்டுகிறவர்

கணவனுக்குக் காது மந்தமாக இருக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணாவது ஆசைப்படுவாளா? இவள் ஆசைப்பட்டாள்.

காது கேட்கும் கருவி விற்கிற கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களைச் சிறிய கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். சிலர் கேட்காமலே அமுக்குவார்கள். செவிடு என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? அப்படிப்பட்டவர்களுக்கு அவள் கொஞ்ச நேரம் எதையுமே அனுப்பமாட்டாள். அந்த வெறும் அமைதிக்கும் பட்டனை அமுக்கி அகப்பட்டுக்கொள்வார்கள்.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பழக வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் சார். பகலெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து கத்துவார். வீட்டுக்கு வந்தால் அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். குழாய் ஒழுகுது என்றால் உம். எனக்குக் காய்ச்சல் என்றால் உம். மறுநாள் கேட்டால், "எப்ப சொன்னே? சொன்னாத்தானே தெரியும்!" என்பார்.

கடையின் முதலாளியம்மா வேறு நகரத்தில் ஒரு கிளை திறக்கிறாள். அதை இவள்தான் போய் நடத்த வேண்டும் என்கிறாள். "வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மா. காலையில எனக்குப் பதில் வேணும்." இவளுக்குப் போக ஆசைதான். ஆனால் அந்த மனிதருக்கு உண்மையிலேயே காது போயிருந்தால் விட்டுவிட்டுப் போவது பாவம். காது நன்றாகவே இருந்தால் பாவம் யாருக்கு என்பது வேறு விஷயம்.

பரிசோதிக்கக் கடைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். சோறு என்றால் வருவார். அதனால்தான் இந்தப் புதன்கிழமை, பாட்டும் சாப்பாடும் சேர்ந்த ஓட்டல்.

உள்ளே அரை இருட்டு. தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது போலும். மூலையில் ஒருவன் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான், ஒருத்தி மைக்கை விழுங்குகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். கணவர் எதிர்ச்சுவரில் கண்ணாடி இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மனைவியின் தோளுக்கு மேலே தன் மீசை தெரிந்ததில் அவருக்குத் திருப்தி.

"சூப் கொண்டுவரட்டுமா சார்?" என்றார் பரிமாறுகிறவர்.

"சந்துபொந்தெல்லாம் எதுக்குப்பா? நேரா மெயின் ரோட்டுக்கு வா. மீன் கொண்டா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மீன் வந்ததும் கதை ஆரம்பித்தது. "இன்னிக்கு ஒரு அம்மா. பேங்க்ல பெரிய வேலையாம். பிரேக்கை மிதிங்கன்னா ஹாரனை அடிக்கிறாங்க. மனுஷனுக்குக் காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, சொல்லு!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றாள். பிறகு, கடையில் பேசுகிற அதே நிதானத்தோடு, "ஏங்க, வேற ஊர்ல புதுக் கடை திறக்கிறாங்க," என்றாள்.

"உம்."

"என்னைப் போகச் சொல்றாங்க."

"உம்."

"போகட்டுமா?"

"உம். பாத்துச் சாப்பிடு, முள்ளு இருக்கு."

டிரம்ஸ் காதைப் பிளந்தது. இந்தச் சத்தத்தில் நல்ல காதுக்கே கேட்காது என்று அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் இரக்கமும் வந்தது. பைக்குள் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் தோல் நிறத்தில், மாட்டினால் வெளியே தெரியாத கருவி. மெல்ல மாட்டிவிட்டு, இனிமேல் நான் பேசுறது கேக்கும் என்று சொல்ல நினைத்துப் பெட்டியைத் திறந்தாள்.

கணவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"கேட்டியா?"

"எதை?"

"வெளியே! கிளட்ச்சை மிதிக்காம ரெண்டாவது கியர் போடுறான் பாரு, கழுதை. கியர்பாக்ஸ் கதறுது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மூடிய கண்ணாடிக்கு அப்பால், தெருமுனையில் ஒரு சின்ன வேன் முக்கி முனகி நகர்ந்துகொண்டிருந்தது. காதை நம்பிப் பிழைக்கிற அவளுக்கே அது கேட்கவில்லை. இவருக்குக் கேட்டிருக்கிறது, டிரம்ஸைத் தாண்டி!

பெட்டியை மூடினாள்.

இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி. அவள் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். பாட்டு முடிந்தது. கைதட்டலும் அடங்கியது. கணவர் கண்ணாடியைப் பார்த்தபடி மீசையில் ஒட்டியிருந்த மீன் துணுக்கை எடுத்தார்.

"உம்," என்றார்.

அவள் பேசவில்லை.

"உம், உம்," என்றார் மறுபடியும், எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டி.

கடைக்கு வருகிற பொய்யர்களாவது அகப்பட்டதும் அசடு வழிவார்கள். இவருக்கு அகப்பட்டதே தெரியவில்லை. அவள் போனை எடுத்து முதலாளியம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: "வீட்டுக்காரரைக் கேட்டுட்டேன்மா. கேக்குறதுக்கு முன்னாடியே சரின்னுட்டாரு. நான் போறேன்."

அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும்.

"அடுத்த மாசம் நான் கிளம்புறேன்," என்றாள்.

"உம்." தட்டை நகர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "வீட்ல அந்தக் குழாய் ஏன் ஒழுகுது? நீ சொல்லவே இல்லையே! யாரையாவது வரச் சொல்லணும். என்ன, கேக்குதா?"

"உம்," என்றாள் அவள்.