நிச்சயத்தன்று அவர் சொன்னது

எனக்கு இடது காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது. அதில் போனை வைத்தால் போன்தான் செத்துப்போச்சு என்று நினைப்பேன்.

இன்றைக்கு இதை நாலு வார்த்தையில் எழுதிவிட்டேன். பதினேழு வருஷம் இதை மறைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! வில்லாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எந்த வகுப்புக்குப் போனாலும் இடது பக்கச் சுவரை ஒட்டி நின்றுதான் பாடம் நடத்துவேன், பிள்ளைகள் மொத்தமும் வலது பக்கம் வந்துவிடும். பஸ்ஸில் இடது ஜன்னல் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவேன். அதையும் மீறி யாராவது இடது பக்கம் வந்து பேசிவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். 'பாண்டிமீனா எப்பவும் சிரிச்ச முகம்' என்பார்கள். எரிச்சலாக வரும்.

மறைக்கச் சொன்னது அம்மா. செல்லத்தாய் என்று பெயர். பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு குறை என்றால் வெளியே தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. மூன்று வருஷத்துக்கு முன் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. நான்தான் பெரிய யோக்கியமாட்டம் மாப்பிள்ளையின் அக்காவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். ஒரே வாரத்தில், "செவிட்டுப் பொண்ணு வேணாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"இனிமே எவுக கேட்டாலும் வாயத் தெறந்த, என்னய உசிரோட பாக்க மாட்ட" என்றாள்.

அடுத்து வந்தவர்தான் அருள்பாண்டி. கீழக்குயில்குடி ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அதிகம் பேசாத ஆள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நிச்சயத்தன்று எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பொண்ணு, மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உட்காருவதுதான் முறையாம். அப்படியென்றால் அவர் எனக்கு இடது பக்கம். ஸ்பீக்கர் செட் வேறு காதைக் கிழித்தது, அதாவது மிச்சமிருந்த காதை. அந்தச் சத்தத்தில் அவர் குனிந்து என்னிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. வழக்கம்போலச் சிரித்தேன், தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெயிலாவோம் என்று நினைத்துப் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன். போனில் எனக்குக் கவலையில்லை, வலது காது இருக்கிறது. அவர்தான் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒருத்தர், யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தனக்குப் புறாவைக் கண்டால் பயம் என்றார். ஏழு வயதில் கோபித்துக்கொண்டு சமணர் மலைக்கு ஓடி, அங்கேயிருந்த கல்படுக்கையில் அசந்து தூங்கிவிட்டாராம், ஊரே தேடியதாம். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் சாக்பீஸ் தின்றதைச் சொன்னேன்.

"அதுக்குத்தான் டீச்சர் வேலைக்குப் போனியா?" என்று கேட்டார்.

பேசாத ஆளுக்கு வாயைப் பார்! எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பயம் பிடித்ததும் அதற்குப் பிறகுதான். ஏனென்றால் அடிக்கடி ஒன்று சொல்வார்.

"பெரிய விஷயத்ததான் நிச்சயத்தன்னைக்கே சொல்லிட்டேனே. நீ சிரிச்ச பாரு, அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவுமே பெருசாத் தெரியல."

என்ன சொல்லித் தொலைத்தார் மனுஷன்? முன்னால் யாரையாவது காதலித்தாரா? குடிப்பாரா? கேட்டால், அன்னைக்கு நீ கேக்கலையா என்பார். கேட்கவில்லை என்றால் ஏன் என்பார். அப்புறம் ஆண்டிபட்டிக் கதைதான். 'ம்ம்' போட்டே சமாளித்தேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஊரில் சீர்ப் பலகாரம் சுட அடுப்பு மூட்டினோம். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். வாசலில் கல் கூட்டி, பெரிய எண்ணெய்ச் சட்டி ஏற்றி, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முறுக்கு பிழிவது நான். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போக அருள்பாண்டி வண்டியில் வந்து இறங்கினார். சும்மா விடுவார்களா?

"மாப்ளைக்கு நாக்கு ஊறுதுடி. ஒண்ணக் குடேண்டி!"

எனக்கும் குஷி தலைக்கேறிவிட்டது. முதலில் வெந்த முறுக்கை எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"இந்தாங்க, மொத முறுக்கு ஒங்களுக்குத்தான்."

அவர் வாங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பத்திரிகைக் கட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பெண்கள் வெட்கம் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே செய்றியா மீனா?" என்றார் மெதுவாக. "அன்னைக்கு அம்புட்டுச் சொல்லியும்…"

கட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னடி சொன்ன? என்னத்தச் சொல்லித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நிச்சயத்தன்னைக்கு அவுகதான் ஏதோ சொல்லியிருக்காக. எனக்குத்தான் கேக்கல."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "காத மட்டும் சொல்லிராதடி. வேற எதையாவது சொல்லிச் சமாளி. இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"அவுக கண்ணு கலங்கிப் போறாகம்மா!" என்று கையை உதறிவிட்டு, மாவுக் கையோடு தெருவில் ஓடினேன்.

ஊர் முக்கில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார். நடுங்குகிற கையால் ஓட்ட முடியவில்லை போல. மூச்சு வாங்க எதிரே போய் நின்றேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு இடது காது கேக்காது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒம்பது வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுக்குக் கழுத்துல தங்கச் சங்கிலி போடுவாகள்ல, எங்க வீட்டுல ஏது தங்கம்? எங்கம்மா களையெடுக்கப் போற வீட்டுல கெஞ்சி, ஒரு வாரத்துக்கு வாங்கியாந்து போட்டுச்சு. காதுக்குள்ள ஒரே இரைச்சல். சொன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போவாக, சங்கிலியக் கழத்திருவாகன்னு நான் சொல்லவே இல்ல. போட்டுக்கிட்டு தெருத்தெருவாத் திரிஞ்சேன். ஆறு மாசம் கழிச்சுப் பாத்த டாக்டரு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. நான் சொல்லாம விட்டது எங்கம்மாவுக்கே தெரியாது. தான்தான் கவனிக்காம விட்டுட்டோம்னு அது இன்னிக்கும் அழுவுது. நிச்சயத்தன்னைக்கு நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூட எனக்குக் கேக்கல. கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டே செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீக, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

கெஞ்ச வந்த இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அப்படி.

அவர் கேட்டது இதுதான்.

"அப்ப அன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?"

"கேக்கலன்னா சிரிச்சிருவேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. இதைக் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்தார். போகிறார் என்றுதான் நினைத்தேன். என் வலது பக்கம் வந்து நின்றார். முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றிச் சுருட்டி மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கிய பழைய தழும்பு.

"பதினோரு வயசுல என்னய வடக்க ஒரு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிட்டாக. ரெண்டு வருசம். விடியுமுன்ன எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னா படுக்கப் போற வரைக்கும் அங்கதான். அசந்தா அடி. ஒருநா நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், சட்டி சாஞ்சு எண்ணெ முன்னங்கையில கொட்டிருச்சு. புண்ணு ஆறுனதும் ரயிலேறி ஓடியாந்துட்டேன். முறுக்கு வாசம் வந்தா இப்பவும் கை நடுங்கும். சீருல முறுக்கு மட்டும் வேணாம்னு ஒங்க வீட்டுல சொல்லிரு, வேற எதுவும் நான் கேக்க மாட்டேன். இதத்தான் அன்னைக்குச் சொன்னேன்." தழும்பைத் தடவிக்கொண்டார். "யார்கிட்டச் சொன்னாலும் பாவமாப் பாப்பாக. நீ மட்டுந்தான் சிரிச்ச. அந்தச் சிரிப்ப வச்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று நடுத்தெருவில் அழுதேன். என் கையெல்லாம் முறுக்கு மாவும் எண்ணெயும் என்பது அப்புறம்தான் உறைத்தது. பதறி இழுத்தேன். அவர் விடவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

"இப்பக் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு."

மிச்ச மாவை அம்மா தெருவுக்கே அள்ளிக் கொடுத்தாள். சீர்த் தட்டில் லட்டு ஏறியது. அன்று சாயங்காலமே சங்கிலி விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பதினேழு வருசம்டி, பாவி" என்றாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

முகூர்த்தத்தன்று மணமேடைக்குப் போனதும், முறை சொல்லும் பெரியவர், "பொண்ண வலது பக்கம் உக்கார வைங்கப்பா" என்றார்.

"இடது பக்கம் இருக்கட்டும்ங்கய்யா" என்றார் அருள்பாண்டி.

"அது தாலி கட்டுன பொறகுய்யா. இப்ப எதுக்கு?"

அருள்பாண்டி திரும்பி என்னைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கீழே மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருக்கிறது. அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. மேளம் நின்றிருந்த நேரம், மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எம் மகளுக்கு இடது காது கேக்காதுய்யா. அவுக ரெண்டு பேரும் பேசிக்கிறணும்ல? இடது பக்கமே உக்காரட்டும்."

நான் அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். இப்போது அவர் எனக்கு வலது பக்கம்.